பெட்ரோல் முள்ளை நம்பிக் கணக்கு முடிக்கலாமா?

கடை வைத்திருப்பவர்களில் வண்டி வைத்துக்கொள்ளாதவர் இன்று குறைவு. மொத்த வியாபாரிக்கு லோடு வேன் வேண்டும். சில்லறைக் கடைக்காரர் டாடா ஏஸோ, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆம்னியோ வைத்திருக்கிறார். வீட்டுக்கென்று வாங்கிய காரில்கூட பண்டிகை நாட்களில் சர்க்கரை மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏறத்தான் செய்கின்றன. கடை வாடகை, ஆள் சம்பளம், மின்சாரக் கட்டணம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக நம் கல்லாவிலிருந்து தவறாமல் போகும் பணம் பெட்ரோல், டீசல் பணம்தான்.

அரிசி மூட்டையை எடை போட்டு வாங்குகிறோம். எண்ணெயை அளந்து வாங்குகிறோம். பெட்ரோலை மட்டும் கண்ணால் பார்ப்பதில்லை. பூமிக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து குழாய் வழியாக வந்து வண்டியின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. அதன்பின் அது எவ்வளவு இருக்கிறது என்று நமக்குச் சொல்லும் ஒரே சாட்சி ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் சின்ன முள். அந்தச் சாட்சி சில நேரம் தடுமாறும். டேங்க் நிறையப் போட்ட பிறகும் முள் எழும்பாமல் கிடக்கும். முழுதும் எழும்பி, பத்துக் கிலோமீட்டர் ஓடுவதற்குள் பாதிக்கு இறங்கும். குலுங்குகிற சாலையில் பேய் பிடித்ததுபோல் ஆடும்.

அப்படி ஆகும்போது நம் மனம் முதலில் போவது இரண்டு இடங்களுக்கு. ஒன்று, பங்கில் அளவு குறைத்துவிட்டான் என்பது. மற்றொன்று, டிரைவர் பெட்ரோலை எடுத்துவிட்டான் என்பது. இரண்டும் நடக்காத காரியங்கள் அல்ல. ஆனால் முள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் எதையும் முடிவு செய்துவிடலாகாது. முள் எப்படி வேலை செய்கிறது, எப்போது பொய் சொல்கிறது, பெட்ரோல் உண்மையில் குறைந்ததா என்பதைச் செலவில்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை வியாபாரிகளாகிய நாம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

முள் எதை வைத்துச் சொல்கிறது?

வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் குழாயை அடைக்கும் பந்து வால்வை எல்லோரும் பார்த்திருப்போம். பெட்ரோல் டேங்குக்குள்ளும் அதுபோன்ற மிதவை ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் இதை ஃப்ளோட் என்பார்கள். அது ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் மாட்டியிருக்கும். பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் மறுமுனையில் ஒரு சிறிய தகட்டுநாக்கு இருக்கிறது. அது மின்தடைப் பட்டை ஒன்றின் மேல் உரசிக்கொண்டே நகர்கிறது. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு எப்படியோ, அப்படித்தான் இதுவும். மிதவை நிற்கும் உயரத்துக்குத் தக்கபடி மின்தடை மாறுகிறது. அதற்கேற்ப டாஷ்போர்டில் முள் நகர்கிறது. மிதவை, கம்பி, பட்டை எல்லாம் சேர்ந்த இந்த அமைப்பை ஒர்க்ஷாப்பில் டேங்க் யூனிட் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டிகள் பலவற்றில் இது பம்போடு சேர்ந்தே டேங்குக்குள் உட்கார்ந்திருக்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். முள் பெட்ரோலை அளப்பதில்லை. மிதவையின் உயரத்தை மட்டும் காட்டுகிறது. டேங்க் மேலும் கீழும் ஒரே அகலமாக இருப்பதில்லை; வண்டியின் அடிப்பாகத்தில் கிடைத்த இடத்துக்குத் தக்கபடி வளைத்துச் செய்யப்பட்டிருக்கும். அதனால் மேல் பாதி மெதுவாகவும் கீழ்ப் பாதி வேகமாகவும் இறங்குவது பல வண்டிகளில் இயல்பு. டேங்கின் கழுத்துவரை பெட்ரோல் நிற்கும்போது மிதவை ஏற்கெனவே உச்சியைத் தொட்டுவிட்டிருக்கும். அதற்கு மேல் உள்ள பெட்ரோல் கரையும்வரை முள் அசையாது. பிறகுதான் இறங்கத் தொடங்கும். “முதல் ஐம்பது கிலோமீட்டர் முள் அசையவே இல்லை, அப்புறம் மளமளவென்று இறங்கியது” என்று சொல்வதில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

புது வண்டிகளில் முள்ளுக்குப் பதில் கட்டங்கள் வருகின்றன. 35 லிட்டர் டேங்குக்கு 8 கட்டம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கட்டம் 4 லிட்டருக்கு மேல் ஆகிறது. ஒரு கட்டத்தின் கடைசித் துளியில் நிற்கும் வண்டி ஐந்து கிலோமீட்டர் ஓடியதும் அந்தக் கட்டம் அணைந்துவிடும். அதைப் பார்த்து 4 லிட்டர் போய்விட்டது என்று எண்ணக்கூடாது.

பழுதே இல்லாமல் முள் தவறாகக் காட்டும் நேரங்கள்

பெட்ரோல் போட்டவுடன் முள் சரியாக எழும்பவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, போடும்போது சாவியை அணைத்திருந்தோமா என்பது. பாதுகாப்புக்காக என்ஜினை நிறுத்தச் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். டேங்கில் பெட்ரோல் அலையடிப்பதால் முள் ஆடக்கூடாது என்பதற்காகப் பல வண்டிகளில் முள்ளை வேண்டுமென்றே மந்தமாக நகரும்படி அமைத்திருக்கிறார்கள். சாவி போட்டபடியே நிரப்பினால் அந்த மந்தத்தால் முள் எழும்ப வெகுநேரம் ஆகும். சாவியை முழுதும் அணைத்து, நிரப்பி, மூடியைத் திருகி, பிறகு சாவி போட்டால் சரியான இடத்துக்கு வந்துவிடும். இரண்டு, மூன்று லிட்டர் மட்டும் போட்டால் சில வண்டிகள் அதை உடனே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது தரை. மேடு பள்ளத்தில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மிதவை இருக்கும் பக்கம் தாழ்ந்தால் அதிகமாகவும், உயர்ந்தால் குறைவாகவும் காட்டும். ஒரு பக்கமாகப் பாரம் ஏற்றினாலும் இதே கதைதான். ஆகவே கடை வாசலில், சாக்கடை ஓரம் ஒரு சக்கரம் ஏறி நிற்கும் வண்டியில் முள்ளைப் பார்த்துச் சண்டைக்குப் போகக் கூடாது. சமதரையில் நிறுத்தி, சாவியைப் போட்டு, ஓரிரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

காலையில் பெட்ரோல் போட்டால் லாபம், வெயிலில் போட்டால் நஷ்டம் என்ற பேச்சும் நம்மிடையே உண்டு. பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் விரிகிறது. 35 லிட்டரில் பத்து டிகிரி வித்தியாசம் வந்தாலும் 350 மில்லி அளவுதான். பங்கின் தொட்டி பூமிக்கடியில் இருப்பதால் காலைக்கும் மாலைக்கும் அவ்வளவு வித்தியாசம் அங்கே வருவதும் இல்லை. முள் கால்வாசி இறங்கியதற்கு வெயிலைக் காரணம் சொல்ல முடியாது.

பழுது இருந்தால் எப்படித் தெரியும்?

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் முள் தடுமாறினால் பழுதைத் தேட வேண்டியதுதான். முள் காட்டும் குணத்தை வைத்தே ஓரளவு இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

பெட்ரோல் முள்ளோடு சூடு காட்டும் முள்ளும் சேர்ந்து தாறுமாறாக ஆடினால் டேங்கைத் தொட வேண்டியதில்லை. இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸ், எர்த் ஒயர் அல்லது டாஷ்போர்டுக்கு வரும் மின்சாரத்தில் கோளாறு. பழைய வண்டிகள் பலவற்றில் இந்த முட்களுக்கு ஒரே அளவில் மின்சாரம் கொடுக்க ஒரு சிறிய ஸ்டெபிலைசர் இருக்கும். அது பழுதானால் இரண்டு முட்களும் சேர்ந்துதான் பொய் சொல்லும்.

பெட்ரோல் முள் மட்டும், அதுவும் குலுக்கலில் மட்டும் துள்ளினால் டேங்குக்குப் போகும் கப்ளர் தளர்ந்திருக்கலாம், அல்லது டேங்கிலிருந்து சேஸிக்குப் போகும் எர்த் துருப்பிடித்திருக்கலாம். மழைக்காலத்துக்குப் பிறகு இது அதிகம். கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். இதை முதலில் பார்க்கச் சொல்லாமல் புது டேங்க் யூனிட் வாங்கி மாட்டுவது வீண் செலவு.

குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் முள் தடுமாறுகிறது, உதாரணமாக முழு டேங்குக்கும் முக்காலுக்கும் இடையில் மட்டும் விழுகிறது, மற்ற இடங்களில் ஒழுங்காக இருக்கிறது என்றால், மின்தடைப் பட்டை அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்குப் படிந்திருக்கிறது. எப்போதும் 500 ரூபாய்க்கும் 1000 ரூபாய்க்கும் போட்டு ஓட்டும் வண்டியில் தகட்டுநாக்கு பட்டையின் கீழ்ப் பகுதியிலேயே உரசிக்கொண்டிருக்கும். மேல் பகுதி பல மாதம் தொடப்படாமல் கிடந்து கறை ஏறியிருக்கும். திடீரென்று ஒருநாள் டேங்க் நிறையப் போட்டதும் நாக்கு அந்தக் கறையின் மேல் போய் நிற்கிறது. முள் தடுமாறுகிறது. வழக்கமாக ஒழுங்காக இருந்த முள், நிறையப் போட்ட அன்றைக்கே கெட்டுவிட்டதாகத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பங்கின் மேல் சந்தேகம் எழுவதும் இங்கேதான்.

எவ்வளவு போட்டாலும் முள் அடியிலேயே கிடந்தால் மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் உள்ளே புகுந்து மூழ்கியிருக்கலாம், அல்லது கம்பி எங்காவது சிக்கியிருக்கலாம். ஒயர் அறுந்தாலோ எங்காவது உரசி எர்த் ஆனாலோ முள் ஒரே பக்கமாகப் போய் நின்றுவிடும். அது எந்தப் பக்கம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். வேகத்தடையில் அடிபட்டு டேங்க் நசுங்கினாலும், பம்ப் மாற்றும்போது கம்பி வளைந்தாலும், முள் ஒரே அளவு கூடவோ குறையவோ காட்டிக்கொண்டே இருக்கும். “ஒர்க்ஷாப் போய் வந்ததிலிருந்துதான் இப்படி” என்றால் முதலில் அந்தக் கம்பியைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பெட்ரோலே முள்ளைக் கெடுத்ததும் உண்டு

பெட்ரோலின் தரம் முள்ளைக் கெடுக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியும் நடந்திருக்கிறது. 2004-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் லூசியானா, புளோரிடா பகுதிகளில் ஷெல் நிறுவனத்தின் பெட்ரோல் போட்ட பல கார்களில் முள் வேலை செய்யாமல் போயிற்று. டேங்க் காலியாகும் நிலையிலும் நிறைந்திருப்பதாகக் காட்டிய வண்டிகளும் இருந்தன. காரணம், அந்தப் பெட்ரோலில் கந்தகம் அளவுக்கு மேல் கலந்திருந்ததுதான். டேங்க் யூனிட்டின் தொடுமுனைகளில் வெள்ளி இருக்கும். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். பூஜை அறையில் வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். அதே சங்கதிதான் டேங்குக்குள்ளும் நடந்தது. நிறுவனம் ஏராளமான பங்குகளில் விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 தரம் நடைமுறைக்கு வந்து, கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்கு என்று குறைக்கப்பட்டுவிட்டது. ஆகவே இந்தக் காரணத்தை எடுத்த எடுப்பில் சொல்வதற்கில்லை. ஆனால் பெட்ரோலில் இப்போது எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. தண்ணீர் சேர்ந்துவிட்டால் எத்தனால் அதோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பழைய இரும்பு டேங்க் உள்ள வண்டிகளை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைப்பதும், மூடியின் ரப்பர் வளையம் நைந்து மழைநீர் இறங்குவதும் டேங்குக்கும் யூனிட்டுக்கும் கேடு.

பெட்ரோல் குறைந்ததா, முள் கெட்டதா?

இனி நமக்கு முக்கியமான இடத்துக்கு வருவோம். நம் பக்கத்து ஊரில் ஒரு மளிகைக் கடை. எட்டு வருடமாக ஒரே டிரைவர். ஒரு சனிக்கிழமை மாலை வண்டிக்கு டேங்க் நிறைய பெட்ரோல் போட்டு, பில்லையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஞாயிறு வண்டி எடுக்கவில்லை. திங்கள் காலையில் முதலாளி சாவியைப் போட்டால் முள் பாதிக்குக் கீழே. வண்டிச் சாவி இரவில் டிரைவரிடம்தான் இருக்கும். முதலாளி நான்கு பேர் முன்னிலையில் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, “இனி வரவேண்டாம்” என்று சொல்லிவிட்டார்.

இந்தச் செய்தி நம் காதுக்கு வந்தபோது ஒன்றுதான் சொல்லி அனுப்பினோம்: “வண்டியை அப்படியே அதே பங்குக்கு எடுத்துப்போய், அதே பம்பில் மறுபடியும் நிறையப் போடச் சொல்லுங்கள். எத்தனை லிட்டர் வாங்குகிறது என்று பாருங்கள்.” போட்டுப் பார்த்தார்கள். ஒரு லிட்டர்கூடப் போகவில்லை. நாசில் தானாக நின்றுவிட்டது. பெட்ரோல் எங்கும் போகவில்லை, டேங்கில்தான் இருந்தது. பட்டை தேய்ந்த இடத்தில் நாக்கு நின்றுகொண்டு பொய் சொல்லியிருக்கிறது. முதலாளி நேரில் டிரைவர் வீட்டுக்குப் போய் அழைத்தார். டிரைவர் உடனே வந்துவிடவில்லை. நான்கு பேர் முன்னால் சொன்ன சொல்லை, அதே நான்கு பேர் முன்னால் திரும்பப் பெற்ற பிறகுதான் சாவியைத் தொட்டார். அதுதான் நியாயமும்கூட.

இந்தச் சோதனைக்கு மெக்கானிக் வேண்டாம், கருவி வேண்டாம். முதல் தடவை நிறையப் போட்டபோது நாசில் தானாக நின்றது ஒரு கணக்கு. இரண்டாம் தடவை அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நிறுத்தி, மறுபடி நாசில் தானாக நிற்கும்வரை போடுவது இன்னொரு கணக்கு. இடையில் செலவானது எவ்வளவோ, அவ்வளவுதான் டேங்க் வாங்கும். ஒரு லிட்டர் முன்பின் இருக்கலாம். 35 லிட்டர் டேங்கில் பாதி போய்விட்டதாக முள் சொல்ல, டேங்க் ஒரு லிட்டர்தான் வாங்குகிறது என்றால் முள்தான் குற்றவாளி. 16, 17 லிட்டர் வாங்குகிறது என்றால் பெட்ரோல் மெய்யாகவே போயிருக்கிறது. அப்போதும் ஆளைப் பார்ப்பதற்கு முன் வண்டியின் அடியைப் பார்க்க வேண்டும். ஈரக்கறை, பெட்ரோல் வாடை, விரிசல் விட்ட ரப்பர் குழாய் இவை இருந்தால் அது திருட்டல்ல, ஒழுக்கு. ஒழுக்கு என்றால் வண்டியை ஓட்டாமல் அங்கேயே மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும், தீப்பிடிக்கும் ஆபத்து.

இதில் ஒரு எச்சரிக்கை. நாசில் முதலில் தானாக நின்றதோடு நிறுத்திவிட வேண்டும். “இன்னும் கொஞ்சம்” என்று ரவுண்டாக்கித் திணிப்பதால் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டருக்குள் பெட்ரோலே போய்விடும். இப்போதைய வண்டிகளில் அது கெட்டால் செலவு கூடுதல். மற்றொன்று, கையேட்டில் 35 லிட்டர் என்று போட்டிருக்கும் டேங்க் அதற்கு மேலும் சில லிட்டர் வாங்கும். கழுத்துப் பகுதியும் ஆவிக்கு விட்ட இடமும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. பில்லில் 37 என்று வந்தால் அதை மட்டும் வைத்துப் பங்கைக் குற்றம் சொல்ல முடியாது.

பங்கின் அளவில் சந்தேகம் வந்தால்

நம் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், இரும்பு எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் முத்திரை வாங்குகிறோம். பெட்ரோல் பம்பும் அதே 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. அதற்கும் ஆண்டுதோறும் முத்திரை உண்டு. ஒவ்வொரு பங்கிலும் முத்திரை வைத்த 5 லிட்டர் அளவுக் குடுவை இருக்க வேண்டும். சந்தேகம் உள்ளவர் அதில் 5 லிட்டர் பிடித்துக் காட்டச் சொல்லலாம். கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய இருந்தால் சட்டம் அனுமதிக்கிறது. அதற்கு மேல் குறைந்தால் பங்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதி, பலகையில் போட்டிருக்கும் எண்ணெய் நிறுவன அதிகாரிக்கும், தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம்.

தரத்தில் சந்தேகம் இருந்தால் வடிதாள் கேட்கலாம். ஒரு சொட்டுப் பெட்ரோலை அதன்மேல் விட்டால் இரண்டு நிமிடத்துக்குள் கறையில்லாமல் காய்ந்துவிட வேண்டும். கறை நின்றால் கலப்படத்துக்கு அறிகுறி. அடர்த்தி பார்க்கும் கருவியும் பங்கில் இருக்கும். கேட்டால் காட்ட வேண்டும்.

இவற்றைக் கேட்கும்போது மரியாதையாகக் கேட்பது முக்கியம். நம் கடைக்கு வந்து ஒருவர் “எடையைக் காட்டு” என்று சத்தம் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? “ஒரு தடவை அளந்து பார்த்துக்கொள்ளலாமா?” என்றால் நாமே எடைக்கல்லை எடுத்துக் கொடுப்போம். அவர்களும் நம்மைப் போன்ற வியாபாரிகள்தாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வண்டியில் 40 பக்க நோட்டு ஒன்றை வைத்துவிட வேண்டும். தேதி, கிலோமீட்டர், லிட்டர், தொகை, டிரைவர் கையெழுத்து என்று ஐந்து கட்டம் போதும். தொகையை மட்டும் எழுதுவது பயன்படாது. 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை நிர்ணய முறை வந்துவிட்டது. 1000 ரூபாய்க்கு இன்று கிடைக்கும் லிட்டரும் ஆறு மாதம் கழித்துக் கிடைக்கும் லிட்டரும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே லிட்டரை எழுத வேண்டும். பங்கில் மாதக் கணக்கு வைத்திருப்பவர்கள் சீட்டிலும் லிட்டரையும் கிலோமீட்டரையும் குறிக்கச் சொல்ல வேண்டும். போடுவதற்கு முன் பம்பில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறையாவது டேங்க் நிறையப் போட வேண்டும். அன்றைக்கு 12,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நிறையப் போடும்போது 12,364 காட்டுகிறது, டேங்க் 28 லிட்டர் வாங்கியது என்றால் லிட்டருக்கு 13 கிலோமீட்டர். இடையில் சில்லறையாகப் போட்டிருந்தால் அந்த லிட்டரையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இதுபோல் மூன்று, நான்கு தடவை எழுதினால் அந்த வண்டியின் குணம் தெரிந்துவிடும். 13, 13, 12.5 என்று வந்துகொண்டிருந்த வண்டி திடீரென்று 10 என்று காட்டினால் அப்போது விசாரிக்க வேண்டும். டயரில் காற்று குறைவா, பாரம் கூடுதலா, பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா, ஒழுக்கா, இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் கடைசியாக ஆள். முள் எப்படி ஆடினாலும் இந்த நோட்டுக் கணக்கு ஆடாது. கடையில் நாம் இருப்பு எடுப்பதும் இதே முறையில்தானே?

நல்ல டிரைவருக்கும் இந்த நோட்டு பாதுகாப்பு. அவர் மேல் யாராவது கோள் சொன்னால் அதை விரித்துக் காட்டிவிடலாம். நோட்டு வைக்கச் சொல்வதைச் சந்தேகம் என்று அவர் எடுத்துக்கொள்ளாதபடி, “உனக்கும் எனக்கும் நல்லது” என்று முதலிலேயே விளக்கிச் சொல்லிவிட வேண்டும்.

பழுது பார்க்கும்போது

முள் கெட்டது என்று தெரிந்த பிறகு தள்ளிப்போடக் கூடாது. முள்ளை நம்ப முடியாத வண்டி என்றைக்காவது நடுரோட்டில் நிற்கும். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போகும் வண்டி வழியில் நின்றால் அன்றைய காய்கறி வியாபாரமே போச்சு. டீசல் வண்டி காலியாகி நின்றால் டீசல் ஊற்றியதும் ஓடிவிடாது. காற்று அடைத்துக்கொள்ளும், அதை எடுக்க ஆள் வர வேண்டும். எலக்ட்ரிக் பம்ப் உள்ள பெட்ரோல் வண்டியில் பம்பைக் குளிர்விப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். அடிக்கடி காலியாக ஓட்டினால் பம்ப் சூடேறிக் கெடும். சரி செய்யும்வரை கிலோமீட்டரைப் பார்த்து, பாதி டேங்க் கரைந்திருக்கும் என்று கணக்கு வரும்போதே போட்டுக்கொள்வது நல்லது.

வண்டியைக் கொடுப்பதற்கு முன் பெட்ரோலைக் கால் டேங்குக்கு ஓட்டிக் குறைத்துவிட வேண்டும். நிறைந்த டேங்கை இறக்குவதும் திறப்பதும் சிரமம், ஆபத்தும்கூட. சில கார்களில் பின் இருக்கையைத் தூக்கினால் டேங்க் யூனிட்டின் மூடி தெரியும். மற்றவற்றில் டேங்கையே இறக்க வேண்டியிருக்கும். “மூடிதானே, நாமே திறந்து பார்ப்போம்” என்று வீட்டில் கைவைக்க வேண்டாம். பெட்ரோல் ஆவிக்கு ஒரு சிறு பொறி போதும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், பழகிய ஆள் செய்ய வேண்டிய வேலை அது.

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வரிசையாகச் செய்யச் சொல்ல வேண்டும். முதலில் ஃபியூஸ், கப்ளர், எர்த். பிறகு டேங்க் யூனிட்டை வெளியில் எடுத்து, மல்டி மீட்டரை வைத்துக் கம்பியைக் கையால் மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால், மின்தடை இடையில் தாவாமல் சீராக மாற வேண்டும். தாவினால் யூனிட்டை மாற்ற வேண்டும். சீராக இருந்தால் கோளாறு மீட்டரில் அல்லது ஒயரில். மீட்டருக்குப் போகும் ஒயரை நேராக எர்த் செய்து பார்ப்பது சில ஆட்களின் வழக்கம். புது வண்டிகளில் அதனால் மீட்டர் போர்டே கெடக்கூடும். அதை அனுமதிக்க வேண்டாம். மாற்றிய பழைய யூனிட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். தேய்ந்த பட்டையில் கோடு விழுந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

புது யூனிட் மாட்டிய பின் நோட்டுக் கணக்கோடு முள்ளை ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. நிறையப் போட்டு, லிட்டருக்கு இவ்வளவு ஓடும் என்ற கணக்கில் பாதி டேங்க் கரைய வேண்டிய கிலோமீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்துவைக்கலாம். பாதிக்குச் சற்று மேலோ கீழோ நின்றால் அது அந்த டேங்கின் வடிவம். அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

மொத்தத்தில், முள் தடுமாறும் அன்று செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சமதரையில் நிறுத்துவது, சாவியை அணைத்துப் போடுவது, பில்லில் லிட்டரைப் பார்ப்பது, மறுபடி நிறையப் போட்டு டேங்க் எவ்வளவு வாங்குகிறது என்று பார்ப்பது, அதன்பிறகு எலக்ட்ரீஷியனிடம் போவது. இவற்றை முடிக்கும்வரை பங்கில் சண்டையும் வேண்டாம், கடையில் யார் மேலும் பழியும் வேண்டாம். பெட்ரோல் போனால் பத்து நாள் வியாபாரத்தில் எடுத்துவிடலாம். பல வருடம் கூட இருந்த ஆளைக் கள்ளன் என்று சொல்லிவிட்டால் அந்த வார்த்தையை அள்ள முடியாது.